கயிற்றில் முன்னால் நின்றவன்

...ஆனால் வியாழக்கிழமை அடித்தது கோல்தானே, அதை யாரும் இல்லையென்று சொல்லிவிட முடியாதே, இடது பக்கத்திலிருந்து வந்த பந்தை வலது காலில் நிறுத்தி, ஆமாம் வலது காலில்தான், கத்தி வைத்த அதே காலில், திரும்பி அடித்தான், வலை ஆடியது, பையன்கள் கை தட்டினார்கள், கோச் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டுச் சிரித்தார்... இதையெல்லாம் கண்ணை மூடாமலே பார்க்க முடிகிறது ஆன்சனுக்கு, சேவூர்த் தெருவில் காலை வெயிலில் நின்றுகொண்டு, வாசல் வாசலாக நீண்டு கிடக்கிற பட்டுப் பாவை, தறியில் ஏறப் போகிற நெடுக்கு இழைகளைப் பார்த்தபடியே. தனக்கோடி அக்கா வீட்டுப் பாவு. விடியும்போதே தெருவில் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவி, வெயிலில் உலர்த்தி, இப்போது சுற்ற வேண்டிய நேரம். அந்த முனையில் அவன் அப்பா பவுல்துரையும் இன்னும் இரண்டு பேரும் உருளையோடு தயாராக நிற்கிறார்கள். இந்த முனையில், கடைசிக் கழியில் கட்டிய கயிற்றைப் பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே, அவர்கள் சுற்றச் சுற்ற அடியடியாக முன்னால் நகர்ந்து கொடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பக்கத்து வீட்டுத் தருமன் மாமா. இன்னொரு ஆள் அக்காவின் மகன் எழிலரசன், ராத்திரி ஷிப்டுக்குப் போனவன், கம்பெனி வண்டி கிளம்பாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். யார் பிடிப்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் புடிக்கறேன் என்று ஒரு குரல் கேட்டது, அது தன்னுடையதுதானா என்று ஆன்சனுக்கே கொஞ்ச நேரம் சந்தேகமாக இருந்தது.

இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து நிற்க வேண்டும், கூலி கிடையாது, டீயும் போண்டாவும் உண்டு. கயிற்றில் கை வைத்தவன் பாவு முழுதும் சுற்றி முடிகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது, போன் அடித்தாலும் சரி, பொண்டாட்டி கூப்பிட்டாலும் சரி. இழுப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் சுற்று தொளதொளத்துப் போகும், அப்புறம் தறியில் ஏற்றி நெய்யும்போது இழை இழையாக அறுந்து உயிரை வாங்கும். கால் போனதிலிருந்து ஆன்சனுக்கு இந்தக் கயிறு கிடையாது. கூடாதென்று யாரும் சொல்லவில்லை, அதுதான் விசேஷம், பாவு போடுகிற காலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, "நீ குந்திகினு இழ முடிபா" என்பார்கள், அவ்வளவு அன்பாக. இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட கிழவர்கள், நடுவில் இருபத்து மூன்று வயது ஆன்சன், முன்னாள் சென்டர் ஃபார்வர்ட். இன்றைக்கு அந்த ஸ்டூல் காலியாகக் கிடக்கிறது, கிடக்கட்டும். இன்றைக்கு அவனே தனக்குள் ஒன்று தீர்மானித்துக்கொண்டான்: பாவு முடிகிற வரைக்கும் முட்டி தாங்கினால் கிரவுண்டுக்குப் போவது, தாங்காவிட்டால் போவதில்லை. பல்கலைக்கழக அணிக்கு இன்றைக்கு ஆள் எடுக்கிறார்கள், அவன் படிக்கிற கல்லூரி மைதானத்திலேயே, மற்ற கல்லூரிப் பையன்களும் வருகிறார்கள். எம்.காம். கடைசி வருஷம், இதை விட்டால் இனிமேல் எந்த அணியிலும் சேர அவன் மாணவனே இல்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவாள், அப்பா பேசாமல் இருந்துவிடுவார், இரண்டில் எது கொடுமை என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. டாக்டர் சொல்லாததை, ஸ்கேன் சொல்லாததை ஒரு கயிறு சொல்லிவிடும் என்று நம்புவது பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது, ஆனால் வேறு யாரைப் போய்க் கேட்பது?

"டேய் ஆன்சா, நீ முன்னால நில்லு, நான் பின்னால கீறேன்" என்றார் தருமன் மாமா. முன்னால் நிற்கச் சொன்னது அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்த முனையில் அப்பா கையைத் தூக்கினார், ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம், உருளை ஒரு சுற்றுச் சுற்றியது, கயிறு விறைத்துக்கொண்டு அவனை முன்னால் இழுத்தது. ஆன்சன் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். முட்டி மடங்கியது, தொடை இறுகியது, இதோ இப்போது வலிக்கும், இதோ அந்தப் பழைய ஊசி உள்பக்கத்தில் இறங்கும், என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்... வரவில்லை. ஒரு அடி. இன்னொரு அடி. வரவில்லை. வலி வராததையே ஒரு செய்தி மாதிரி உடம்பு முழுதும் சொல்லியனுப்பத் தோன்றியது அவனுக்கு. தனக்கோடி அக்கா கஞ்சிக் கையோடு பாவின் ஓரமாகவே நடந்துகொண்டு, "ஜல்தியா சுத்துங்கபா, வெயிலு ஏறிகினு போவுது, அப்பால இழ முறுக்கிகினா என்னாண்ட வராதீங்க" என்று எல்லோரையும் பொதுவாகத் திட்டினாள். அவள் திட்டாமல் பாவு சுற்றினால்தான் ஏதோ குறை என்று தோன்றும்.

இப்படித்தான், வலி வராமல்தான், எல்லாமே ஆரம்பித்தது, தேசூரில். மழை விட்டும் தண்ணீர் வடியாத மைதானம், ஏதோ ஒரு மன்றம் நடத்திய டோர்னமென்ட், ஜெயித்தால் ஆளுயரக் கோப்பை. யாரும் அவனை இடிக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை, இடித்திருந்தால் திட்டுவதற்கு ஒரு எதிரியாவது மிஞ்சியிருப்பான். ஓடி வந்தான், திரும்பினான், பாதம் சேற்றிலேயே நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது, முட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம், அவனுக்கு மட்டும் கேட்டதா எல்லோருக்கும் கேட்டதா தெரியவில்லை. விழுந்தான், எழுந்தான், நடந்துகூடப் பார்த்தான், ஒண்ணும் இல்லடா என்று சொல்லிச் சிரித்தான். ராத்திரிக்குள் முட்டி பலாக்காயாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் கால் கை போனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் குறைவு, எல்லை தாண்டி ஆந்திராவில் கட்டுப் போடுகிற வைத்தியரைத் தேடித்தான் போவார்கள், முட்டையும் பச்சிலையும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டுவார்கள், எலும்பு முறிந்த எத்தனையோ பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள், பொய்யில்லை. அப்பாவும் ஒரு காரைப் பேசிக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வைத்தியர் நல்ல மனுஷர், தடவிப் பார்த்துவிட்டு, எலும்பு நல்லாத்தான் இருக்கு, எனக்கு இதுல வேலை இல்லை என்றுதான் சொன்னார். அப்பா விடவில்லை. "பரவால்லீங்க, இவ்ளோ தூரம் வந்துட்டோம், ஒரு கட்டு போட்டுடுங்க" என்றார். வைத்தியர் என்ன செய்வார், போட்டார். வந்த தூரத்துக்காகப் போட்ட கட்டு, தொடை முதல் கணுக்கால் வரை, அசையாமல், வாரக்கணக்கில். உள்ளே கிழிந்து கிடந்தது ஜவ்வு. கட்டைப் பிரித்தபோது தொடை வற்றிப் போய் யாரோ ஒரு சின்னப் பையனுடைய கால் அவன் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு வெளியே போய்த் தெருவில் நின்றார். அதற்குப் பிறகு அவன் காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம், ஏன்டா விளையாடப் போனே என்றாவது... ஒன்றுமில்லை. தறியில் உட்கார்ந்துகொண்டு மிதியை மிதிக்கும்போது அவன் அந்தப் பக்கம் போனால் மிதிப்பதை நிறுத்திவிடுவார். ஏன் நிறுத்துகிறார்? தன் கால் ஆடுவது மகன் கண்ணில் படக் கூடாதென்றா? அப்படியெல்லாம் நினைக்கிற ஆள்தானா அப்பா?

உருளை சுற்றியது, அவன் நகர்ந்தான், பைக்கில் வந்த ஒருவர் பாவைக் கண்டதும் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார், போகிறபோக்கில், "இன்னாபா, கயித்துலயே நிக்கறியா, கால் சரியாய்டுச்சா?" என்றார். "சரியாய்டுச்சுங்க" என்றான் ஆன்சன். சொல்லிப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது இந்த வார்த்தை. சரியாகிவிட்டது. வேலூரில் ஆபரேஷன் முடிந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னார்கள், தொடையிலிருந்து கொஞ்சம் எடுத்து முட்டிக்குள் புது ஜவ்வு செய்து வைத்தாயிற்று, பொறுமையாக இருந்தால் பழையபடி ஆடலாம். பொறுமையாகத்தானே இருந்தான்? யாராவது குறை சொல்ல முடியுமா? சொன்ன பயிற்சியெல்லாம் செய்தான், துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்கினான், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தான், மாடிப்படி ஏறினான், ஆடு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஷூவையே எடுத்தான். எடுத்து ஆடிய முதல் மேட்சில் தலையால் முட்ட எகிறினான், இறங்கினான், இறங்குவதில் என்ன இருக்கிறது, பூனை கூட இறங்குகிறது, இவனுக்கு முட்டிக்குள் இருக்கிற குஷன் கிழிந்தது. மறுபடியும் வேலூர், மறுபடியும் கத்தி. அதற்கப்புறம் ஒரு நாள் டவுன் பஸ்ஸிலிருந்து ஸ்டாப்பில் இறங்கும்போது, வலது காலுக்குப் பயந்து இடது காலை அவசரமாக வைத்து, கணுக்கால் மடங்கி... அதை யாரிடமும் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. மைதானத்தில் விழுந்தால் வீரன், பஸ்ஸிலிருந்து விழுந்தால் பேஜார் பிடித்தவன். இடது காலுமா, என்று அம்மா கேட்டாள், கண்ணில் தண்ணீரோடு, அப்போதுகூட அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது, இருப்பதே இரண்டுதானே அம்மா.

அம்மா ஜெபராணி சும்மா இருக்கவில்லை. சபையில் சொல்லி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சுகவீனமானவர்களுக்காக ஜெபிக்கும் நேரத்தில் பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் தம்பி ஆன்சனின் காலைத் தொடும் ஆண்டவரே என்பார், சர்க்கரைக்காரர்களுக்கும் இருதய நோய்க்காரர்களுக்கும் நடுவில், வாரா வாரம். கணுக்காலுக்குப் பிறகு கால்களை என்று திருத்திக்கொண்டார். அது கேட்கும்போதெல்லாம் ஆன்சனுக்கு மேலெல்லாம் கூசும், ஆனாலும் ஒரு தைரியம், கணக்கில் இருக்கிறோம் என்று. அப்புறம் ஒரு ஞாயிறு அந்த இடத்தில் அவன் பெயர் வரவில்லை. சர்க்கரை முடிந்து, இருதயம் முடிந்து, ஆமென் என்றாகிவிட்டது. அப்பாடா, சுகமானவனாக எண்ணிவிட்டார்கள் போல, என்று தலையை நிமிர்த்தினான். அடுத்த ஜெபத்தில் வந்தது பெயர். படித்து முடித்து வேலைக்காகக் காத்திருக்கும் வாலிபப் பிள்ளைகளுக்காக. அவன் இன்னும் படித்து முடிக்கக்கூட இல்லை. யார் மாற்றச் சொன்னார்கள்? பாஸ்டரே மாற்றிக்கொண்டாரா? அம்மா பக்கத்தில் நின்று ஆமென் என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. அந்த ஆமெனில்தான் அவனுக்குப் புரிந்தது, கால் என்கிற விண்ணப்பத்தை அம்மா திரும்ப வாங்கிக்கொண்டாள் என்று. கோபம் வரவில்லை, அழுகை வந்தது, அதைப் பாட்டுப் புத்தகத்துக்குள் மறைத்துக்கொண்டான்.

ஆனால் முட்டி தாங்குகிறதே! பாவு பாதிக்கு மேல் சுற்றியாகிவிட்டது, தருமன் மாமா வீட்டு வாசல் தாண்டியாகிவிட்டது, கயிறு முன்னால் இழுக்கிறது, அவன் பின்னால் சாய்கிறான், முட்டி நிற்கிறது. பாக்கெட்டில் போன் துடித்தது. சந்தோஷாகத்தான் இருக்கும், கிளம்பிவிட்டாயா என்று கேட்க. ஒரே வகுப்பு, ஒரே அணி, சந்தோஷ் தடுப்பாட்டம், ஆன்சன் முன்வரிசை, ஆபரேஷனுக்குப் போனபோது வேலூர் வரைக்கும் கூட வந்து ராத்திரி வராந்தாவில் படுத்தவன். போனை எடுக்க முடியாது, கயிற்றில் கை வைத்தவன் எடுக்கக் கூடாது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், நேரில் சொல்லலாம், டேய் மச்சான், முழுப் பாவும் நானே புடிச்சேன்டா. ஆள் எடுக்கிற அந்த அதிகாரிகள் எங்கிருந்து வருகிறார்களோ, யாரோ, அவர்களுக்கு ஆன்சன் என்றால் வெறும் ஒரு பெயர், காலில் இருக்கிற தழும்பு தெரியாது, நீளமான ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாம். முதல் பந்தை ஒரே தொடுதலில் கொடுத்துவிட வேண்டும், ஓட்டத்தைக் காட்டக் கூடாது, பதறக் கூடாது. பெனால்டி பெட்டிக்குள் பந்து வந்தால் வியாழக்கிழமை மாதிரியே நிறுத்தி, திரும்பி... பல்கலைக்கழக அணியின் ஜெர்சி நீலமா சிவப்பா? போன வருஷம் நீலம். அணியில் ஆடினவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸில் எடுக்கிறார்கள், ரயில்வேயில் எடுக்கிறார்கள், அவனுக்கு அதுகூட வேண்டாம், ஒரே ஒரு மேட்ச், யாரும் ஸ்டூல் கொண்டுவந்து போடாத ஒரு இடத்தில் ஒரு மேட்ச், அவ்வளவுதான். கேட்பது அதிகமா? அதிகமில்லைதானே? தெருவே தன்னைப் பார்ப்பதாகத் தோன்றியது அவனுக்கு, அம்மா வாசலில் வந்து நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள், அவன் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்து காட்டினான்.

கடைசிச் சுற்று. கழி உருளையில் போய்த் தட்டியது, "ஆச்சு, வுடு" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, ஆன்சன் கயிற்றை விட்டான். தாங்கிவிட்டது. முட்டியைக் குனிந்து பார்த்தான், வீக்கமில்லை, சூடில்லை, தட்டிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினான். தருமன் மாமா பின்னால் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்து இல்லை, இடுப்பிலிருந்து. துண்டை மடித்து இடுப்பில் கொடுத்து, அதன் மேல் கயிற்றைச் சுற்றி வளைத்து முடிச்சுப் போட்டிருந்தார், முடிச்சு இறுகிப்போய் அவிழ மாட்டேன் என்றது, சட்டை தூக்கிய இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்தது, முகமெல்லாம் வேர்வை ஒழுகியது.

"இன்னா மாமா, இடுப்புல கட்டிகினீங்க?"

"பின்ன? கையில புடிச்சா தாங்குமா, ஒண்டி ஆளு" என்றார், முடிச்சிலேயே கவனமாக.

சொல்லிவிட்ட பிறகுதான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். "இல்லபா, நீயும் புடிச்ச, புடிக்கலன்னு சொல்லல... உங்கப்பன்தான் கை காமிச்சான், பின்னால பாத்துகடான்னு. மூணு புடவ பாவுபா. நாளைக்கி அறுந்துச்சுன்னா அந்தப் பொம்பள யாராண்ட போய் அழும், சொல்லு. கோச்சிக்காத." முடிச்சு அவிழ்ந்தது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்குப் போனார்.

ஒண்டி ஆளு. ஆன்சன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். கயிற்றின் தடம் ஒன்றும் பெரிதாக இல்லை, கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். அப்படியானால் இவ்வளவு நேரம் கையில் விறைத்து நின்றது? அது அவருடைய இழுப்பு. முட்டி தாங்கியது? எதைத் தாங்கியது, அவனுடைய உடம்பை, சும்மா சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டிய ஒரு உடம்பை. அப்பா கை தூக்கினது ஆரம்பிக்கலாம் என்பதற்கில்லை. இத்தனை நாளாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன், தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மகனைத் தாண்டி இன்னொருவனிடம் பேசியிருக்கிறார். இரக்கப்பட்டாரா? இரக்கம்கூட இல்லை, பாவுக்குப் பயந்தார், நியாயம்தானே, அவனே உருளைப் பக்கம் நின்றிருந்தால் இந்த மாதிரிக் காலை நம்பி விட்டிருப்பானா? கோபப்படக்கூட வழியில்லை. அப்பா அதோ உருளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தனக்கோடி அக்கா வீட்டுக்குள் குனிந்து போகிறார், திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவேளை முன்பே பார்த்துவிட்டுத்தான் குனிந்தாரோ. பாவு முடிந்தது, தெரு காலி, அவன் போட்ட நிபந்தனைக்குப் பதில் மட்டும் இல்லை. முட்டி தாங்கவும் இல்லை, தாங்காமல் போகவும் இல்லை, அதை யாரும் கேட்கவே இல்லை.

அங்கேயே நின்றான். நிற்க நிற்க, வரக் கூடாத ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கை தட்டினார்களே வியாழக்கிழமை. ப்ராக்டிஸ் கோலுக்கு யார் கை தட்டுவார்கள்? எத்தனை வருஷமாக அந்த மைதானத்தில் ஆடுகிறான், எத்தனை கோல், ஒருத்தனாவது தட்டியிருக்கிறானா, உள்ளே போச்சா, சரி பந்தை எடுத்துகினு வாடா, அவ்வளவுதானே. முதலாம் வகுப்புப் பிள்ளை மேடையில் பாட்டை மறக்காமல் முடித்தால் தட்டுவார்களே, அந்தத் தட்டல். கோச் சிரித்தார், அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? அப்புறம் சந்தோஷ். தடுத்து நின்றவன் சந்தோஷ்தான். அவன் ஒருத்தனையும் உள்பக்கம் திரும்ப விடமாட்டான், திரும்பினால் கணுக்காலில் கொடுப்பான், அவனுடைய சொந்தத் தம்பி ஆடினாலும் கொடுப்பான், அப்படிப்பட்டவன் அன்றைக்கு எங்கே நின்றான்? ஒரு அடி தள்ளியா? வழுக்கினானா? ஆன்சன் மறுபடி மறுபடி அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தான், பந்து வருகிறது, வலது காலில் நிற்கிறது, திரும்புகிறான், வலை. சந்தோஷ் அதில் இல்லவே இல்லை. கண் பந்தின் மேல் இருந்தது, பின்னால் இருப்பவன் எப்படித் தெரிவான்? ராத்திரி ராத்திரியாக எடுத்து வைத்துப் பார்த்த கோல், அன்றிலிருந்து அதை வைத்துக்கொண்டுதான் சோறு இறங்கியது, இப்போது அதைத் தொடவே பயமாக இருந்தது.

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு பையை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, நேற்றே கட்டி வைத்த பை, எடுக்காமல் விடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே. அம்மா அடுப்படியிலிருந்து, "எங்கடா?" என்றாள். "கிரவுண்டுக்கு." "சும்மாவா?" "சும்மாதான்." அவள் நம்பினாளா, நம்பாமலே விட்டாளா, இட்லியை ஒரு டப்பாவில் போட்டுப் பையின் பக்கவாட்டில் செருகினாள், ஷூ தட்டுப்பட்டது, அதை ஓரமாகத் தள்ளி டப்பாவுக்கு இடம் பண்ணினாள். ஸ்டாப்புக்கு நடக்கும்போது வேண்டுமென்றே வலது காலை அழுத்தி வைத்தான். என்ன சொல்லுகிறது? ஒன்றும் சொல்லவில்லை. நடப்பதற்கெல்லாம் அது ஒன்றும் சொல்லாது. அந்த வேற்றுக் கல்லூரிப் பையன்கள் இவன் பின்னால் துண்டு கட்டிக்கொண்டு நிற்கப் போவதில்லை, தள்ளி நிற்கப் போவதில்லை, அவர்களுக்கும் அது கடைசி வருஷமாக இருக்கலாம், முட்டியைப் பார்த்தே வருவார்கள். அங்கே போனால்தான் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டுமா? இரண்டு வருஷமாக எப்ப ஆடலாம், எப்ப ஆடலாம் என்று டாக்டரை, கோச்சை, போனை, ஆண்டவரை எல்லோரையும் கேட்டாகிவிட்டது. ஆட முடியுமா என்று ஒருத்தரையும் கேட்டதில்லை என்பது இந்த வெயிலில்தான் தோன்றுகிறது.

ஆரணி டவுன் பஸ் வந்து நின்றது. கூட்டமில்லை, படியில் யாரும் தொங்கவில்லை. ஏறப் போனபோது போன் மறுபடியும் துடித்தது.

"டேய் எங்கடா கீற? எவ்ளோ நேரமா அடிக்கறேன். எல்லாம் வந்துட்டானுங்க, வார்ம் அப் ஆரம்பிச்சிட்டாங்க." சந்தோஷின் குரலுக்குப் பின்னால் பந்து தரையில் மோதுகிற சத்தம், யாரோ விசில் ஊதுகிற சத்தம்.

கேட்டுவிட வேண்டும். மச்சான், வியாழக்கிழமை நீ வுட்டியா? இவ்வளவுதான் கேள்வி. நாக்கு நுனியில் நிற்கிறது. ஒரு நொடியில் முடிந்துவிடும். கண்டக்டர் படியில் நின்றபடி, "ஏர்றியா இல்லியாபா?" என்றார். ஆன்சன் கண்டக்டரைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான்.

"பஸ்ஸு இன்னும் வரலடா" என்றான் போனில்.

கண்டக்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

"அந்த பஸ்ஸ நம்பிகினு கீறியா? அங்கியே நில்லு. அசையாத. நான் வண்டி எடுத்துகினு வர்றேன்."

"உனக்கு வார்ம் அப்..."

"அத்த விட்றா. உன்ன வுட்டுட்டு நான் என்னா ஆடப் போறேன்? தோ வந்துட்டேன்."

போன் அணைந்தது. தன் தேர்வை விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போக வருகிறான் சந்தோஷ், ஒரு பொய்க்காக. மறுபடியும் ஒருத்தன், துண்டு கட்டிக்கொண்டு பின்னால் நிற்க. ஆன்சன் பையைக் கீழே வைக்கவில்லை, தோளிலேயே மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான். வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போகும்போது கேட்டுவிடலாம், முகத்தைப் பார்க்காமல் முதுகிடம் கேட்பது சுலபம்... முதுகு காட்டிக்கொண்டு இல்லடா என்று சொல்லுவது அவனுக்கும் சுலபம்தானே, என்று தோன்றியது. தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. அது சந்தோஷாக இருக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறானா, இருக்கக் கூடாதென்றா, அவனுக்குத் தெரியவில்லை.